கல்லாவுக்குப் பூட்டு உண்டு, வை-ஃபைக்கு உண்டா?



கடையை அடைத்துவிட்டுக் கிளம்பும்போது பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காத வியாபாரி நம்மில் எவரும் இல்லை. ஆனால் இரவும் பகலும் திறந்து கிடக்கும் ஒரு வாசல் இன்று பல வணிகர் வீடுகளில் இருக்கிறது. சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் வை-ஃபை பெட்டிதான் அது.

நாம் மளிகை மொத்த வியாபாரத்தில் இறங்கிய காலத்தில் பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1995-ல்தான் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2007-ல் மீண்டும் பிரிந்தது. அந்நாளில் விலை கேட்க டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். இன்று ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில், வங்கிப் பணமாற்றம் எல்லாம் அந்த ஒரு பெட்டி வழியாகவே நடக்கின்றன. எனவே அதைக் கவனிப்பதும் வியாபாரத்தைச் சேர்ந்த வேலையே.

நமக்கே நேர்ந்ததைச் சொல்கிறோம். கடந்த ஆண்டு ஒரு மாதம் 20-ந் தேதி. மாதக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு 3பி படிவத்தின் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், வரிக்கு வட்டியும் சேரும். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். பக்கம் திறப்பேனா என்கிறது. இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டால், லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். பேத்தி வந்து, “நம்ம வை-ஃபையில எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்தீங்களா தாத்தா?” என்று கேட்டாள். பார்த்ததே இல்லை.

அவள் பட்டியலைத் திறந்து காட்டினாள். 17 இணைப்புகள். நம் வீட்டுச் சரக்கை எண்ணினோம்: போன் 5, கம்ப்யூட்டர் 2, டிவி 1, பிரிண்டர் 1. ஆக 9. மீதி 8 யாருடையவை? குடோனில் 8 மூட்டை குறைந்தால் தூங்குவோமா? இங்கே 8 கூடியிருக்கிறது. அதுவும் கணக்கு உதைப்பதுதான்.

கடைப் பையன்கள் மூவரின் போன்கள் அதில் இருந்தன. அவை நாம் கொடுத்தவை. ஒன்று பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளையுடையது. ஒன்று, ஆறு மாதம் முன்பே வேலையை விட்டு நின்ற பையனுடையது. எதிர்ச் சந்தில்தான் குடியிருக்கிறான். இரண்டு, சரக்கு இறக்கக் காத்திருந்த லாரி டிரைவர்களுடையவை. பாஸ்வேர்டை யார் கொடுத்தது என்று கேட்டோம். “யாருக்கும் சொல்லலை முதலாளி. போன்ல ஒரு கட்டம் வரும். அதைக் காட்டினேன், ஸ்கேன் பண்ணிக்கிட்டாங்க” என்றான் பையன். அவன் மேல் குற்றமில்லை. ஒரு போன் இணைந்துவிட்டால், அதன் திரையில் தோன்றும் சதுரக் கட்டத்தைக் காட்டியே இன்னொன்றை இணைத்துவிடலாம் என்பது நமக்கே அன்றுதான் தெரிந்தது.

எட்டாவதுதான் நம்மைக் கலங்க வைத்தது. பெயரில்லை, வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. ஒவ்வொரு பொருளாக நிறுத்திப் பார்த்தபோது பிடிபட்டது: நம் கடைக் கேமராவின் பதிவுப் பெட்டி! மாட்டியவர் வைத்துவிட்டுப் போன பழைய பாஸ்வேர்டிலேயே அது ஓடிக் கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தவர் யாராயினும் நம் கல்லாவை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்திருக்கலாம்.

இவர்களில் ஒருவரும் திருடர் அல்லர். அப்படியானால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பதற்குச் சில நிமிடம் முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீசார் தடம் பிடித்துச் சென்றது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டுக்கு. பூட்டில்லாத அவருடைய வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். கம்ப்யூட்டர்கள் பறிபோயின, விசாரணைக்கு அலைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலின் தடமும் மும்பை செம்பூரில் ஒரு வணிக நிறுவனத்தின் வை-ஃபையில் போய் நின்றது. இதன் பிறகே 2009-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாக்க வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் ஜீப் முதலில் நிற்கும். நம் லெட்டர்பேடில் அயலார் கடிதம் எழுதிய கதைதான்.

நம் வை-ஃபையில் நுழைந்தவர், வங்கிப் பக்கத்தில் நாம் தட்டும் எண்ணைச் சுலபமாகப் படித்துவிட முடியாது. வங்கிகள் அதைத் தனியே பூட்டி அனுப்புகின்றன. ஆனால் கம்ப்யூட்டரில் திறந்து வைத்த கோப்புகள், பிரிண்டர், கேமரா ஆகியவற்றுக்கு அவர் பக்கத்தில் வந்துவிடுகிறார் என்பதை மறக்கலாகாது.

இனி, பார்க்கும் முறை. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற எண் இருக்கும். அந்த வை-ஃபையில் இணைந்த போனிலோ கம்ப்யூட்டரிலோ, இணையப் பக்கம் திறக்கும் இடத்தில் அதைத் தட்டினால் பெட்டியின் பக்கம் வரும். நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதே சீட்டில் இருக்கும். உள்ளே இணைந்த கருவிகளின் பட்டியல் கிடைக்கும். ஒரு தாளில் வீட்டுப் பொருள்களை எழுதிக்கொண்டு, பட்டியலோடு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். புரியாதது நின்றால், ஒவ்வொரு பொருளாக நிறுத்தி எது மறைகிறது என்று பாருங்கள். இப்போதைய போன்கள் மாற்றடையாளம் காட்டுவதுண்டு. எனவே புதுப் பெயரைக் கண்டதும் யாரையும் சந்தேகிக்க வேண்டாம். பக்கம் திறக்காவிட்டால், லைன் போட வரும் தம்பியைக் கூப்பிட்டு, உங்கள் கண் முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை சிலவே. வை-ஃபை பாஸ்வேர்டை மாற்றினால், தெரியாதவர் அத்தனை பேரும் ஒரே நொடியில் வெளியேறுவர். கடைப் பெயரும் போன் எண்ணும் பாஸ்வேர்டு ஆகா; அவை நம் பில்லிலேயே அச்சாகியிருக்கின்றன. பெட்டியின் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, அதையும் மாற்றுங்கள். முன்னது குடோன் சாவி, பின்னது இரும்புப் பெட்டிச் சாவி. பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்கட்டும், பழைய டபிள்யூ.இ.பி. 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு. பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடுங்கள். கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையை என்ன செய்தோம்? படிக்கிற பிள்ளையின் வாயில் மண் போட மனம் வரவில்லை. பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினருக்கெனத் தனி இணைப்பு வைக்கும் வசதி உண்டு. அந்தப் பிள்ளைக்கும் பையன்களுக்கும் அதைக் கொடுத்தோம். விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுக்கிறோம். கணக்கறைச் சாவியையா கொடுக்கிறோம்? ஆனால் திண்ணையிலிருந்து போகும் செய்தியும் நம் பெயரில்தான் போகும். ஆகவே தெரிந்தவருக்கு மட்டும் கொடுத்து, அவ்வப்போது அதையும் மாற்றி வருகிறோம். டிரைவர்களிடம் பக்குவமாகச் சொன்னோம், அவர்களும் வருத்தப்படவில்லை.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு 3பி போய்ச் சேர்ந்தது. மறு வாரம் அரியலூரில் கடை வைத்திருக்கும் நம் சம்பந்தியிடம் சொன்னோம். “நம்ம வீட்டுல அப்படியெல்லாம் இல்லீங்க சம்பந்தி” என்றார். எண்ணிப் பார்த்தவர் இரவே போன் செய்தார். 4 கூடுதல்!

அமாவாசைக்கு அமாவாசை கடைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம். அன்றே பத்து நிமிடம் ஒதுக்கி இந்த இருப்பையும் சரிபார்த்துவிடுங்கள். வேலையை விட்டு ஆள் நின்றால், கடைச் சாவியை வாங்கும் கையோடு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இணைய வழியில் பணமே பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அந்த நிலை வராமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.