பகாவலிப் பூ: கதைக்குள்ளே அதன் வேலை என்ன?

"டீச்சர், மந்திரப் பூன்னா எதை வேணும்னாலும் செய்யும்தானே?" கற்பனைக் கட்டுரை வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது. செய்யாது என்பதுதான் பதில். நல்ல கதையில் மந்திரச் செடிக்கு ஒரு வேலை உண்டு. ஓர் எல்லையும் உண்டு. இதை விளக்க குலேபகாவலி கதை நல்ல எடுத்துக்காட்டு.

1955-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தால் இந்தப் பெயர் நமக்குப் பழக்கம். கதையோ மிகப் பழையது. 18-ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் எழுதப்பட்டு, பிறகு உருதுவுக்கு வந்தது. 'குல்' என்றால் பாரசீகத்தில் பூ. 'குலே பகாவலி' என்றால் பகாவலியின் பூ. பகாவலி ஒரு தேவதைப் பெண்.

கதை இதுதான். கடைசி மகனைப் பார்த்தால் அரசருக்குக் கண் போய்விடும் என்பது சோதிடம். அப்படியே நடக்கிறது. பகாவலியின் தோட்டத்துப் பூவால்தான் பார்வை திரும்பும். மூத்த மகன்கள் நால்வரும் வழியிலேயே சூதாட்டத்தில் தோற்று அடிமையாகிறார்கள். கடைசி மகன் தாஜுல் முலூக் சூதில் வென்று, ஓர் அரக்கனின் நட்பைப் பெற்று, சுரங்க வழியாகத் தோட்டத்துக்குள் போய்ப் பூவைப் பறிக்கிறான். திரும்பும்போது அண்ணன்மார் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அரசருக்குப் பார்வை வந்துவிடுகிறது. ஆனால் பூவைப் பறிகொடுத்த பகாவலி, எடுத்தவனைத் தேடிப் புறப்படுகிறாள்!

இங்கே மூன்று செய்திகளைக் கவனியுங்கள்.

1. பயன் ஒன்றே. பூ கண்ணை மட்டும் குணமாக்கும். அண்ணன்மாரின் பொறாமையைக் குணமாக்காது.

2. எளிதில் கிடைக்காது. பூவைத் தேடிப் போகும் பயணமே கதையாகிறது.

3. விளைவு உண்டு. பறித்த பூவுக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். அதனால்தான் கதை மேலும் நீள்கிறது.

நம் நாட்டில் இன்னொரு தொடர்பும் உண்டு. வீட்டு வாசலில் சட்டியில் வளர்க்கும், இரவில் மலர்ந்து விடிவதற்குள் வாடிவிடும் வெள்ளைப் பூவுக்கு மலாயில் 'பூங்கா பகாவாலி' என்று பெயர். சீனர்கள் 'கெங் ஹுவா' என்பார்கள். இது கள்ளி இனத்தைச் சேர்ந்தது. தாயகம் மெக்சிகோ பக்கம். இந்தோனேசியாவில் இதற்கு 'விஜயகுசுமா' என்று பெயர். ஜாவாவின் நிழற்கூத்துக் கதைகளில் கிருஷ்ணரிடம் இதே பெயரில் ஒரு மந்திரப் பூ இருக்கும். அது இறந்தவரை எழுப்பும். ஆனால் விதி முடியாதவரை மட்டும். பாருங்கள், அங்கேயும் ஓர் எல்லை!

ஆசிரியர்கள் ஒன்றை மறவாமல் சொல்லிவிடுங்கள்: கதைப் பூ வேறு, வாசல் பூ வேறு. அதன் சாற்றைக் கண்ணில் விடக் கூடாது.

மாணவர்களே, 'அதிசயச் செடி' என்று தலைப்பு வந்தால் உடனே எழுதத் தொடங்காதீர்கள். பலர் முதல் பத்தியிலேயே செடியைக் கண்டுபிடித்து, இரண்டாம் பத்தியில் எல்லா நோயையும் தீர்த்துவிடுகிறார்கள். அப்புறம் எழுத ஒன்றும் இருக்காது, பக்கம் நிரம்பாது. எழுதுமுன் நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் விடை குறியுங்கள்: செடி எதைச் செய்யும்? எதைச் செய்யாது? எங்கே, யாருடைய காவலில் இருக்கிறது? பறித்தவன் எதை இழப்பான்? நான்காவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் முடிவுப் பத்தியும் கிடைத்துவிடும்.