வீல்சேர் நுழையும் வீடு: விடுமுறைக்கு இன்டர்நெட்டில் தேடுவது எப்படி?

விடுமுறைக்கு வெளியூர் செல்பவர்கள் இப்போது ஓட்டல்களை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. ஏர்பிஎன்பி, வெர்போ, புக்கிங் டாட் காம் போன்ற வெப்சைட்டுகளில் சமையலறையுடன் கூடிய முழு வீட்டையே நாலைந்து நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் நடக்க முடியாத பெரியவரோ, வீல்சேரில் இருக்கும் குழந்தையோ இருந்தால் இது இன்னும் வசதி. ஓட்டல் என்றால் நோயாளியும் துணைக்கு இருப்பவரும் ஓர் அறையில், மற்றவர்கள் வேறு மாடியில் என்று குடும்பம் பிரிந்துவிடும். வீடு என்றால் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். பத்திய உணவு சமைக்கலாம். பிசியோதெரபி சாமான்களை ஹாலிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வீட்டுக்குள் வீல்சேர் நுழையுமா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பணம் கட்டிவிட்டுப் போய், பாத்ரூம் கதவருகே நின்று திகைக்கும் குடும்பங்கள் பல. வீட்டுக்காரர் பொய் சொல்லியிருப்பார் என்பதில்லை. "படியே கிடையாது" என்று அவர் சொல்லும்போது வாசல்படியையும் பாத்ரூம் நிலைப்படியையும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். நடப்பவருக்கு அவை படிகளாகத் தெரிவதில்லை. ஆகவே வார்த்தைகளை விட்டுவிட்டு அளவுகளைத் தேட வேண்டும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ஒரு டிக் பாக்ஸ் பதிமூன்றான கதை

ஒரு காலத்தில் ஏர்பிஎன்பியில் "வீல்சேர் வசதி உண்டு" என்ற ஒரே ஒரு டிக் பாக்ஸ்தான் இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் டிக் செய்யலாம். இந்த நிலை மாறியதில் ஓர் இந்திய வம்சாவளியினருக்குப் பங்குண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்ரின் மடிப்பள்ளி, ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்ற தசைநோய் காரணமாக பவர் வீல்சேரில் இயங்குபவர். வக்கீலாக இருந்தவர், புரோகிராமிங்கைத் தானே கற்றுக்கொண்டார். அதே நோய் உள்ள தம் நண்பர் மார்ட்டின் சிப்ளியுடன் சேர்ந்து 2015-ல் அக்கமபிள் என்ற வெப்சைட்டைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகள் தங்கக்கூடிய வீடுகளை மட்டும் போட்டோக்களோடு பட்டியலிடுவது அதன் வேலை. 2017 நவம்பரில் ஏர்பிஎன்பி அதை வாங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் அந்த ஒற்றை டிக் பாக்ஸ் போய், வாசல், படுக்கையறை, பாத்ரூம் என்று தனித்தனியாகக் கேட்கும் இருபதுக்கும் மேற்பட்ட பில்டர்கள் வந்தன. பிறகு இவை சுருக்கப்பட்டு 13 ஆயின. ஒவ்வொரு வசதிக்கும் வீட்டுக்காரர் தரும் போட்டோக்களைச் சரிபார்க்கும் முறை 2021-ல் நடைமுறைக்கு வந்தது.

இந்த பில்டர்களைப் பயன்படுத்துவது எளிது. ஊரையும் தேதியையும் கொடுத்துத் தேடியபின் பில்டர்ஸ் என்ற பட்டனைக் கிளிக் செய்யுங்கள். திறக்கும் விண்டோவில் கடைசிவரை ஸ்குரோல் செய்தால் ஆக்சஸிபிலிட்டி என்ற பகுதி தெரியும். படியில்லாத வாசல், 32 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள கதவுகள், படியில்லாத ஷவர், டாய்லெட் அருகே கைப்பிடிக் கம்பி, ஷவர் நாற்காலி, ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட் போன்றவை அங்கே இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் டிக் செய்யாதீர்கள். முடிவு பூஜ்யமாக வரும். படியில்லாத வாசல், படியில்லாத பாத்ரூம் இரண்டை மட்டும் முதலில் தேர்ந்தெடுங்கள். ஷவர் நாற்காலியை நீங்கள் எடுத்துச் செல்லலாம். கதவை எடுத்துச் செல்ல முடியாது.

முதலில் உங்கள் வீல்சேரை அளங்கள்

வீட்டைத் தேடுவதற்கு முன் டேப்பை எடுத்து வீல்சேரின் மொத்த அகலத்தை அளங்கள். சீட்டின் அகலம் வேறு, மொத்த அகலம் வேறு. 18 அங்குல சீட் உள்ள சாதாரண மடக்கு வீல்சேர், கையால் தள்ளும் வளையத்தையும் சேர்த்தால் 25 அல்லது 26 அங்குலம் வரும். வளையத்தைப் பிடிக்கும் விரல்களுக்கும் இரு பக்கமும் இடம் வேண்டும். அமெரிக்க விதிகள் கதவின் திறப்பு 32 அங்குலம், அதாவது சுமார் 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வீல்சேரை ஒரே இடத்தில் வட்டமாகத் திருப்ப 60 அங்குலம், அதாவது 5 அடி வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கதவின் அகலமும் திறப்பின் அகலமும் ஒன்றல்ல. கதவை 90 டிகிரி திறந்து வைத்தாலும் அதன் தடிமனும் கீலும் இரண்டு அங்குலம் வரை தின்றுவிடும். 34 அங்குலக் கதவு இருந்தால்தான் 32 அங்குலத் திறப்பு கிடைக்கும். நம் ஊர் வீடுகளில் பாத்ரூம் நிலை பெரும்பாலும் இரண்டரை அடிதான். சட்டமும் கதவும் போக மிஞ்சுவது 26 அல்லது 27 அங்குலம்தான். வாசல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பயணத்தைத் தீர்மானிப்பது இந்த பாத்ரூம் கதவுதான்.

போட்டோவிலிருந்து அளவு எடுக்கலாம்

வீட்டுக்காரர் அளவு தரவில்லையா? கதவு நேராகத் தெரியும் போட்டோ ஒன்று இருந்தால் போதும். அதை ஹார்டு டிஸ்க்கில் சேமித்து பெயின்ட் புரோகிராமில் திறங்கள். மவுஸை நகர்த்தினால் விண்டோவின் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் பிக்சல் எண்கள் மாறுவதைக் காணலாம். கதவுத் திறப்பின் மேல் முனை, கீழ் முனை, இடது முனை, வலது முனை என நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக உயரம் 420 பிக்சல், அகலம் 160 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வீட்டுக் கதவின் வழக்கமான உயரம் 80 அங்குலம். 160-ஐ 80-ஆல் பெருக்கி 420-ஆல் வகுத்தால் 30.5 அங்குலம் வரும். நம் ஊர்க் கதவு என்றால் 84 அங்குலம் என்று போட்டுக் கணக்கிடலாம். சாய்வாக எடுத்த படத்தில் அகலம் குறைவாகத் தெரியும் என்பதால், நேரே நின்று எடுத்த படத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். இது தேர்வுப் பட்டியலைச் சுருக்க உதவும் தோராயம்தான். பணம் கட்டுவதற்கு முன் டேப் வைத்து எடுத்த போட்டோவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

ரேம்ப் என்று எழுதியிருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஏழு அங்குலப் படி ஒன்றுக்கு 7 அடி. மூன்று படிகள் என்றால் 21 அடி நீள ரேம்ப் தேவை. மூன்று படிகளின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து ரேம்ப் என்று போட்டோ போட்டிருந்தால், அது வீல்சேருக்கு உதவாது. இறங்கும்போது ஆபத்தும் கூட.

வாசலுக்கு வெளியே

கூகுள் மேப்ஸில் வீட்டின் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை மீட்டர் என்று பார்க்கலாம். முன்பதிவுக்கு முன் பல வெப்சைட்டுகள் சரியான முகவரியைக் காட்டுவதில்லை. வீட்டுக்காரரிடம் தெருவின் பெயரையாவது கேளுங்கள். அங்கே ஸ்ட்ரீட் வியூ இருந்தால் தெருவின் ஏற்றம், நடைபாதை, வாசல்படி எல்லாவற்றையும் நேரில் போல் பார்த்துவிடலாம். இந்தியாவில் இந்த வசதி 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களோடு தொடங்கியது.

படம் எடுக்கப்பட்ட தேதியையும் பாருங்கள். சென்னை மெரினாவில் வீல்சேரில் கடல் அருகே செல்ல 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. நவம்பர் போட்டோவை நம்பி டிசம்பரில் போனவருக்கு ஏமாற்றம்தான். எந்த ஊரானாலும் கடைசியாக வந்த படங்களையும் கருத்துகளையும் முதலில் படியுங்கள். கருத்துகள் நிறைய இருந்தால் "படி", "லிப்ட்" ஆகிய சொற்களை ஆங்கிலத்திலும் கொடுத்துத் தேடுங்கள். "மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, ஆனாலும் அருமையான காட்சி" என்று பழைய விருந்தினர் யாராவது எழுதியிருப்பார்.

எப்படிக் கேட்பது?

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு 3,800-க்கும் மேற்பட்ட கோரிக்கைகளை அனுப்பிப் பார்த்தார்கள். குறைபாடு எதையும் குறிப்பிடாதவர்களுக்கு 75 சதவீதம் பேர் சம்மதம் தெரிவித்தார்கள். பார்வையற்றவர் என்று சொன்னால் அது 50 சதவீதம் ஆனது. தண்டுவடப் பாதிப்பு என்று சொன்னவர்களுக்கு 25 சதவீதம் மட்டுமே. வீடு வசதிப்படாது என்று நேர்மையாகச் சொன்னவர்களும் இதில் இருக்கலாம். ஆனால் பார்வையற்றவருக்குப் படியோ கதவின் அகலமோ தடையில்லையே! தயக்கம் வீட்டில் மட்டும் இல்லை, மனதிலும் இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இதற்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை. நோயின் பெயரை முதல் வரியில் எழுதாமல் தேவையை எழுதுங்கள். "எங்களுடன் 26 அங்குல வீல்சேர் வரும். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, இடையில் டேப் பிடித்து ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் பயப்படாமல் பதில் தருவார்கள். கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம்: பாத்ரூம் திறப்பின் அகலம், வாசலில் இருந்து படுக்கை வரை உள்ள படிகளும் நிலைகளும் எத்தனை, டாய்லெட் சீட்டின் உயரம், கட்டிலின் உயரம், கட்டிலுக்கு அடியில் இடைவெளி உண்டா? கடைசிக் கேள்வி ஹாய்ஸ்ட் பயன்படுத்துவோருக்கு முக்கியம். அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். பெட்டி வைத்த கட்டிலில் அது நடக்காது.

வீல்சேர் இல்லாத குடும்பங்களுக்குக் கேள்விகள் மாறும். ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா, வெளிக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். காது கேளாதவர் என்றால் காலிங் பெல்லுக்கும் தீ அலாரத்துக்கும் விளக்கு எரியுமா என்று பாருங்கள்.

இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் அந்த வெப்சைட்டின் மெசேஜ் பகுதியிலேயே நடக்கட்டும். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. சொன்ன வசதி அங்கே இல்லையென்றால் ஏர்பிஎன்பியில் 72 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். போட்டோவும் மெசேஜும் கையில் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்பது எளிது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஓட்டல்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் உரிமையாளர் தாமே குடியிருந்துகொண்டு ஐந்து அறைகள் வரை மட்டும் வாடகைக்கு விடும் வீட்டுக்கு அதில் விலக்கு உண்டு. இந்தியாவில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் உள்ளடக்கியது. ஆனால் அதன் விதிகள் வெறும் பரிந்துரைகள் போல இருக்கின்றன என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சுட்டிக்காட்டி, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் எழுதப்பட்டுவிட்டதாலேயே சின்ன ஹோம்ஸ்டேயின் பாத்ரூம் கதவு அகன்றுவிடாது. அளந்து பார்க்கும் வேலை நம்முடையதுதான்.

கடைசியில் ஓர் எக்செல் ஷீட்

நாலைந்து வீடுகள் தேறிவிட்டால் எக்செல்லில் ஓர் ஷீட் தயாரியுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு வீடு. வாசல், ஹால், படுக்கையறை, பாத்ரூம் என்று காலங்களில் திறப்பின் அகலங்களை அங்குலத்தில் டைப் செய்யுங்கள். கடைசிக் காலத்தில் அவற்றில் மிகச் சிறிய எண்ணைக் காட்டும் பார்முலாவைக் கொடுங்கள். சராசரி பார்க்காதீர்கள். மூன்று கதவுகள் 40 அங்குலம் இருந்து ஒன்று 24 அங்குலம் இருந்தால் சராசரி 36 என்று நன்றாகவே காட்டும்; ஆனால் வீல்சேர் உள்ளே போகாது.

இந்த பைலை அழித்துவிடாமல் வைத்திருங்கள். ஊரிலிருந்து திரும்பியதும் நேரில் பார்த்த அளவுகளை அதில் திருத்துங்கள். அதையே அந்த வீட்டின் கருத்துப் பகுதியிலும் எழுதுங்கள். "நல்ல வீடு, நல்ல மனிதர்கள்" என்ற வரியைவிட "பாத்ரூம் திறப்பு 29 அங்குலம், வாசலில் 2 அங்குல நிலைப்படி ஒன்று" என்ற வரி, அடுத்து வரும் குடும்பத்துக்குப் பெரிய உதவியாக இருக்கும்.