மெக்சிகோவில் போலீஸ் வழிமறித்தால்: வெளிநாட்டுப் பயணியின் உரிமைகளும் தற்காப்பும்

மெக்சிகோவில் வெளிநாட்டுப் பயணி எதிர்கொள்ளும் சீருடைகள் எல்லாம் ஒரே துறையைச் சேர்ந்தவை அல்ல. நகராட்சிப் போலீஸ் வேறு, போக்குவரத்துப் போலீஸ் வேறு, மாநிலப் போலீஸ் வேறு. குற்றங்களை விசாரிப்பது ஃபிஸ்காலியா எனப்படும் வழக்குத் தொடரும் அமைப்பின் கீழுள்ள புலனாய்வுப் போலீஸ். கூட்டாட்சி நெடுஞ்சாலைகளில் நிற்பது 2019-இல் உருவான தேசியக் காவற்படை; பழைய கூட்டாட்சிப் போலீஸ் கலைக்கப்பட்டபோது அதன் வேலை இதன் கைக்கு வந்தது. விசாவும் குடிவரவும் தேசியக் குடிவரவு நிறுவனத்தின் பொறுப்பு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது பயணிக்கு மிக அவசியம். தெருவில் நடக்கும் பணப் பறிப்புகள் சிலவற்றில் ஒரு துறையின் ஆள் இன்னொரு துறையின் அதிகாரத்தைக் கடன் வாங்கி மிரட்டுகிறார். போக்குவரத்துக் காவலர் விசாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர் தன் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று பொருள்.

அதிகம் நடப்பது வாகனத்தை நிறுத்திக் காசு கேட்பது. கான்கூன், பிளாயா தெல் கார்மென், துலும் போன்ற கரீபியக் கடற்கரை ஊர்களிலும், திஹுவானா போன்ற அமெரிக்க எல்லை நகரங்களிலும், வாடகைக் கார் என்றும் வெளியூர்ப் பதிவெண் என்றும் பார்த்தவுடனே தெரியும் வண்டிகள் எளிதில் கண்ணில் படுகின்றன. வேகம் கூடிவிட்டது, சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டீர்கள், சீட் பெல்ட் போடவில்லை என்று பேச்சு தொடங்கும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஓட்டுநர் உரிமம் காவலரின் கைக்குப் போனதும் அடுத்த கட்டம்: அபராதம் பல ஆயிரம் பெசோ, உரிமத்தை நாளை மறுநாள் அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், வண்டியை இழுத்துச் செல்ல நேரிடும். நாளைக் காலை விமானம் பிடிக்க வேண்டியவருக்கு இதைவிடப் பெரிய அச்சுறுத்தல் தேவையில்லை. அதன் பிறகு குரல் தணியும். இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்ற வழி காட்டப்படும். இந்த லஞ்சத்துக்கு மெக்சிகோவில் மொர்தீதா என்று பெயர். இதனால் வெளிநாட்டாரைவிட அதிகம் அவதிப்படுபவர்கள் உள்ளூர் மக்களே. அரசின் புள்ளிவிவர நிறுவனமான இனேஹி நடத்தும் ஆய்வுகளில், மக்கள் ஊழலை நேரடியாகச் சந்திக்கும் இடங்களில் போலீஸுடனான தொடர்பு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது.

காரணம் தனிமனிதரின் பேராசையோடு நின்றுவிடுவதில்லை. நகராட்சிக் காவலர்களில் பலருக்குச் சம்பளம் குறைவு, பயிற்சியும் குறைவு. ரோந்து வண்டிக்கும் நல்ல இடத்துப் பணிக்கும் மேலதிகாரிக்குக் கப்பம் கட்ட வேண்டிய வழக்கம் பல நகரங்களில் வெளிச்சத்துக்கு வந்துள்ளது. தெருவில் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு மேலே போகிறது. இதை நினைவில் வைத்தால், நடுத்தெருவில் காவலரிடம் நியாயம் பேசி வெல்ல முயல்வது ஏன் பெரும்பாலும் வீண் என்பது புரியும்.

ஆனால் எழுதிய சட்டம் பயணியின் பக்கம் உறுதியாக நிற்கிறது. 1917-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, மெக்சிகோ மண்ணில் இருக்கும் எல்லோருக்கும் மனித உரிமைகளை அளிக்கிறது. குடிமக்களுக்கு மட்டும் அல்ல. தகுதியுள்ள அதிகாரியின் எழுத்துபூர்வமான, காரணம் கூறும் ஆணையின்றி ஒருவரின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் மீது கை வைக்கக்கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. குற்றம் செய்யும்போதே பிடிபட்டால், அல்லது நீதிமன்ற ஆணை இருந்தால், அல்லது சட்டம் வரையறுத்த அவசர நிலையில் மட்டுமே கைது செய்யலாம். பொது இடத்தில் மது குடிப்பது போன்ற சிறு விதிமீறல்களுக்கு 21-ஆம் பிரிவு அபராதத்தையோ, சமூகப் பணியையோ, அதிகபட்சம் 36 மணி நேரக் காவலையோ அனுமதிக்கிறது. நாடு கடத்திவிடுவோம் என்ற மிரட்டலும் அடிக்கடி கேட்கும். 2011-இல் திருத்தப்பட்ட 33-ஆம் பிரிவின்படி விசாரணை இல்லாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது. தெருமுனைக் காவலருக்கு அந்த அதிகாரம் அறவே இல்லை.

ஆகவே சம்பவத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதே பயணியின் முக்கியத் தற்காப்பு. லஞ்சம் வாய்மொழியில் மட்டுமே வாழ்கிறது. "லா போலேதா, போர் ஃபவோர்" என்று அபராதச் சீட்டைப் பணிவோடு கேட்பது எந்தச் சட்டத்துக்கும் எதிரானதல்ல. காவலரின் பெயர், சீருடையில் உள்ள எண், ரோந்து வண்டியின் எண், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். எந்த விதியின் எந்தப் பிரிவை மீறினேன் என்று கேட்கலாம். மெக்சிகோ நகரில் போக்குவரத்து விதியே காவலர் தன்னை அடையாளம் காட்டி, மீறப்பட்ட பிரிவைச் சொல்ல வேண்டும் என்கிறது. அதற்கென அதிகாரம் பெற்றவர்கள் மட்டுமே கையடக்கக் கருவியில் அபராதச் சீட்டு பதிய முடியும். சீட்டு கேட்ட மாத்திரத்தில் பல காவலர்கள் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவதற்குக் காரணம், எழுதினால் பணம் அரசுக்குத்தான் போகும் என்பதே. கனடா அரசு தன் குடிமக்களுக்குத் தரும் பயண அறிவுரையும் இதைத்தான் சொல்கிறது: வாடகைக் கார் ஓட்டிகள் குறிவைக்கப்படுகிறார்கள், சீட்டு கேளுங்கள், காவலரின் விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லஞ்சம் கொடுப்பவரும் மெக்சிகோ சட்டப்படி குற்றவாளியே. பணத்தைத் தானாக முன்வந்து நீட்டுகிற பயணி, ஒரு சிறு விதிமீறலைக் குற்றவழக்காக மாற்றும் ஆயுதத்தைக் காவலரின் கையில் தருகிறார். தவறு உண்மையில் நடந்திருந்தால் சீட்டை வாங்கிக் கட்டிவிடுவதே மலிவு. சில தண்டனைகளைப் பணத்தால் தவிர்க்கவும் முடியாது. மெக்சிகோ நகரில் 2003 முதல் நடக்கும் மதுச் சோதனையில் சிக்கும் ஓட்டுநர் எல் தொரீதோ என்று ஊரே அழைக்கும் தடுப்புக்காவல் மையத்தில் 20 முதல் 36 மணி நேரம் இருந்தே ஆக வேண்டும். அபராதம் கட்டி வெளியே வர இயலாது. அதே நகரில் காற்று மாசுக்காக 1989-இல் தொடங்கிய வாகனக் கட்டுப்பாடு, மாசுச் சான்று ஒட்டுவில்லை இல்லாத வெளியூர், வெளிநாட்டுப் பதிவெண் வண்டிகளை வார நாட்களில் காலை 5 முதல் 11 மணி வரை சாலைக்கு வர விடுவதில்லை. இதை அறியாமல் வருபவர்கள் சோதனைச் சாவடியில் எளிய இரையாகிறார்கள்.

சீட்டைக் கேட்டு உறுதியாக நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இரவில், ஆளரவமற்ற சாலையில், ஆயுதம் ஏந்தியவர்கள் பணம் கேட்டால் உரிமை பேசும் நேரம் அதுவல்ல. அவர்கள் போலீஸ்தானா என்பதும் உறுதியில்லை. சீருடையும் வண்டியும் போலியாகச் செய்யப்பட்டு வழிப்பறி நடந்ததுண்டு. அங்கே பணத்தைக் கொடுத்து உயிரோடு விலகுவதே சரி. புகாரைப் பிறகு செய்யலாம். பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், நிலையத்துக்கே வந்து பேசுகிறேன் என்று சொல்வது வேறு. நாடு முழுவதும் அவசர எண் 911. சாலையில் வண்டி நின்றுவிட்டால் சுற்றுலா அமைச்சகத்தின் பச்சைத் தேவதைகள் என்னும் உதவிப் படையை 078-இல் அழைக்கலாம்.

குடிவரவுச் சோதனை தனி விஷயம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை; ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ், ஜப்பானிய அல்லது ஷெங்கன் விசா இருந்தால் தேவையில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் குடும்பத்தோடு கான்கூன் போய்வருவது இந்த வழியில்தான். சுற்றுலாப் பயணிக்கு அதிகபட்சம் 180 நாள் என்றாலும், எத்தனை நாள் என்பதை விமான நிலைய அதிகாரியே எழுதுகிறார். அந்த எண்ணை அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. முறையான ஆவணமின்றி இருப்பது மெக்சிகோவின் 2011-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டப்படி குற்றம் அல்ல, நிர்வாக விதிமீறல் மட்டுமே. ஆனால் அதன் விளைவு கடுமையாக இருக்கலாம். 2019 அக்டோபரில் 311 இந்தியர்கள் ஒரே தனி விமானத்தில் டெல்லிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாட்டுக்குள் பேருந்துகளையும் சாலைகளையும் நிறுத்திக் குடிவரவு அதிகாரிகள் ஆவணம் பார்ப்பதற்கு ஆதாரமான சட்டப் பிரிவுகளை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சாசனத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் வெளிநாட்டார் அல்லர். சியாபாஸ் மாநிலத்தின் பூர்வகுடி இளைஞர்கள். முகத்தைப் பார்த்து குவாத்தமாலாக்காரர்கள் என்று முடிவு கட்டி அவர்களைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

பயணப் பெட்டியில் இருக்கும் சில பொருள்கள் லஞ்சப் பேச்சைத் தாண்டிச் சிறைவரை கொண்டுபோகும். துப்பாக்கி மட்டுமல்ல, மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் கடும் குற்றத்துக்கு ஆதாரம். 2014-இல் மூன்று துப்பாக்கிகளோடு திஹுவானா எல்லையைத் தாண்டிய அமெரிக்க மரைன் படைவீரர் ஒருவர், வழி தவறி வந்துவிட்டதாகக் கூறியும் ஏழு மாதம் சிறையில் இருந்தார். சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் மெக்சிகோவில் தடைசெய்யப்பட்ட பொருள். மின்சிகரெட் இறக்குமதிக்கும் தடை உண்டு. 2009-இல் வந்த சட்டம் 5 கிராம் வரையிலான கஞ்சாவைச் சொந்தப் பயன்பாடாகக் கருதி வழக்குத் தொடராமல் விடுகிறது. ஆனாலும் பிடித்துச் செல்வதை அது தடுக்காது, பேரம் பேசவும் அந்தச் சில மணி நேரமே போதும். விபத்தில் யாருக்காவது காயம் பட்டால் பொறுப்பு யாருடையது என்று தெளியும்வரை ஓட்டுநரைக் காவலில் வைக்கலாம். மெக்சிகோவில் செல்லும் காப்பீடு, அதிலும் சட்ட உதவியும் பிணைத்தொகையும் சேர்ந்த காப்பீடு, இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டும்.

கைது நடந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. பிடிக்கப்பட்டவரைத் தாமதமின்றி வழக்குத் தொடரும் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் அல்லது விடுவிக்க வேண்டும். திட்டமிட்ட கும்பல் குற்றம் என்றால் மட்டும் அது 96 மணி நேரமாகும். மௌனமாக இருக்கவும், இலவசமாக அரசு வழக்கறிஞரைப் பெறவும், மொழி புரியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் உரிமை உண்டு. புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திடவே கூடாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கைதையும் தேசியப் பதிவேட்டில் உடனே ஏற்ற வேண்டும். அதைக் குடும்பத்தார் இணையத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். ஆள் எங்கே என்றே தெரியாமல் தவிக்கும் உறவினருக்கு இது பெரிய கைத்துணை.

அடுத்து தூதரகம். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவரிடம் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை இருப்பதைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். இந்த உரிமைக்காக உலகில் மிகவும் போராடிய நாடுகளில் மெக்சிகோவே ஒன்று. அமெரிக்கச் சிறைகளில் மரண தண்டனை பெற்ற தன் குடிமக்களுக்காக அது சர்வதேச நீதிமன்றம் சென்று 2004-இல் சாதகமான தீர்ப்பு வாங்கியது. அந்த நாட்டின் போலீஸே இதை மீறும்போது சும்மா விட்டுவிடக்கூடாது. எடுத்துக்காட்டாக, 2005 டிசம்பரில் ஆள்கடத்தல் குற்றச்சாட்டில் ஃப்ளோரன்ஸ் காசே என்ற பிரெஞ்சுப் பெண் பிடிபட்டார். பிடித்த மறுநாள், அப்போதுதான் பிடிப்பதுபோல் தொலைக்காட்சிக்காக மீண்டும் நடித்துக் காட்டியது போலீஸ். பிரெஞ்சுத் தூதரகத்துக்குச் செய்தி தாமதமாகவே போனது. 60 ஆண்டு தண்டனை பெற்றிருந்த அவரை 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது; அதற்குக் காட்டிய காரணங்களில் இந்தத் தாமதமும் ஒன்று. அந்தக் கைதின்போது புலனாய்வு அமைப்பின் தலைவராக இருந்த ஹெனாரோ கார்சியா லூனா, போதைக் கும்பலிடம் லஞ்சம் வாங்கியதாக 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி என முடிவானது. தூதரகம் வழக்கை நடத்தாது, அபராதமும் கட்டாது. ஆனால் சிறைக்கு வந்து பார்க்கும், குடும்பத்துக்குத் தெரிவிக்கும், வழக்கறிஞர் பட்டியல் தரும். இந்தியர்களுக்கு மெக்சிகோ நகரில் இந்தியத் தூதரகம் உள்ளது. அதன் அவசர எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிவைப்பது நல்லது. கைதாகும்போது முதலில் பறிபோவது கைபேசிதான்.

மெக்சிகோ சட்டத்தின் மிக வலிமையான தீர்வு அம்பாரோ மனு. இந்திய வாசகருக்கு ஆட்கொணர்வு மனுவை நினைவூட்டும் இது, 1841-இல் யுகாத்தான் மாநிலத்தில் பிறந்து, பிறகு லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. ஒருவரை வெளித்தொடர்பின்றி அடைத்துவைத்தால், சித்திரவதை செய்தால், விசாரணையின்றி வெளியேற்ற முயன்றால், அவர் சார்பில் யார் வேண்டுமானாலும், எந்த நாளும் எந்த நேரமும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இதைத் தாக்கல் செய்யலாம், சிறுவர்களும் செய்யலாம்.

பணமும் நல்ல கடவுச்சீட்டும் உள்ள சுற்றுலாப் பயணிக்குப் பெரும்பாலும் போவது சில நூறு பெசோவும் ஒரு மாலைப் பொழுதும்தான். அதே அதிகாரிகளின் பிடியில் ஏழை வெளிநாட்டவர் உயிரையே இழக்கக்கூடும். 2021 மார்ச் 27 அன்று துலும் நகரில், மனிதாபிமான விசாவில் வாழ்ந்த எல் சல்வதோர் நாட்டுப் பெண் விக்டோரியா சலசாரைத் தரையில் குப்புறக் கிடத்தி, முதுகில் முழங்காலை அழுத்தினார் ஒரு காவலர். கழுத்தெலும்பு முறிந்து விக்டோரியா இறந்தார். 2023 மார்ச்சில் சியுதாத் ஹுவாரெஸில் குடிவரவுத் தடுப்பு மையம் தீப்பற்றியபோது பூட்டிய அறைக்குள் சிக்கி 40 பேர் மாண்டார்கள்.

புகாரை நாடு திரும்பிய பிறகும் கொடுக்கலாம். நகராட்சி, மாநிலக் காவலர்மீதான மனித உரிமைப் புகார் அந்தந்த மாநில ஆணையத்துக்குப் போகும். குடிவரவு நிறுவனம், தேசியக் காவற்படை மீதானது 1990-இல் தொடங்கிய தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போகும். தேசிய ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ஸ்பானிய மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை அதுவே தரும். பொதுவாகச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். குற்றவழக்கு வேண்டுமென்றால் ஃபிஸ்காலியாவில் தனியாகப் புகார் பதிய வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை யாரையும் சட்டப்படி கட்டாயப்படுத்தாது. ஆனால் அதை ஏற்க மறுக்கும் அதிகாரி காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அவரை அழைத்து விளக்கம் கேட்கும் அதிகாரம் செனட்டுக்கு உண்டு.