தெரிந்தேதான் சுடுகிறான்!

‘நிஜம் எது, நிழல் எது?’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். வி.ஆர். ஹெட்செட் மாட்டிய பையன் வாயைப் பிளந்து நிற்கும் அட்டைப்படம்கூடத் தயார். அந்தத் தலைப்புக்கென்றே எடுத்ததுபோல ஒரு படம் இருக்கிறது, 1999-ல் வந்த ‘எக்ஸிஸ்டென்ஸ்’. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, தலைப்பில் இருக்கும் கேள்விமேல் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. படத்தில் உறுத்துவது வேறொரு விஷயம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தேவாலயம் ஒன்றில் ஆட்களை வட்டமாக உட்கார வைத்துத் தன் புதிய கேமைச் சோதித்துப் பார்க்கும்போது சுடப்படுகிறாள் டிசைனர் அலெக்ரா கெல்லர். மார்க்கெட்டிங் பயிற்சியில் இருக்கும் டெட் பைக்கல் அவளை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். கேமுக்குச் சேதம் ஏதும் இல்லையே என்று பார்க்க இருவரும் அதற்குள் நுழைகிறார்கள். உள்ளே இன்னொரு கேம். அதன்பிறகு எது எதற்குள் இருக்கிறது என்று கணக்கு வைப்பது நம் பாடு.

அந்த வருடம் இந்தப் படம் தனியாக வரவில்லை. பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு வெள்ளிக் கரடி விருது வாங்கியது. அது அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்து சேர்வதற்குள், மார்ச் கடைசியில் ‘தி மேட்ரிக்ஸ்’ இறங்கிவிட்டது. கூட்டம் மொத்தமும் அங்கே போனது. ஆச்சரியமில்லை. மேட்ரிக்ஸில் ஓர் ஆறுதல் உண்டு: மாத்திரையை விழுங்கினால் நிஜ உலகம் என்று ஒன்று நிச்சயமாகக் காத்திருக்கும். கறுப்புக் கண்ணாடியும் ஸ்டைலும் வேறு. ‘எக்ஸிஸ்டென்ஸி’லோ கண்ணாடியும் கிடையாது, காத்திருக்கும் உலகமும் கிடையாது.

கம்ப்யூட்டர் திரைகூடக் கிடையாது. கேம் ஓடுவது உயிருள்ள ஒரு ‘பாட்’டில். கசாப்புக் கடையில் தொங்கும் ஈரலுக்கு மூச்சு வந்ததுபோல இருக்கும் அது, தடவிக் கொடுத்தால் நெளியும். தவளை இனத்தின் கருமுட்டைகளில் செயற்கை டி.என்.ஏ.வைத் திணித்து வளர்த்ததாம். அதிலிருந்து தொப்புள்கொடி மாதிரி ஒரு குழாய் கிளம்பி, ஆடுகிறவரின் முதுகுத்தண்டு அடியில் போட்ட துளைக்குள் சொருகிக்கொள்ளும். பேட்டரி தனியாக வேண்டாம். ஆடுகிறவரின் உடம்பே பேட்டரி. பைக்கலுக்கு அந்தத் துளை இல்லை. குத்திக்கொள்ளவும் பயம், பக்கவாதம் வந்துவிடுமோ என்று. மாலில் காது குத்துகிற மாதிரி சாதாரண வேலை என்று அலெக்ரா அவனைத் தேற்றுகிறாள். கடைசியில் அவனுக்குத் துளை போடப்படுவது ஒரு பெட்ரோல் பங்க்கில், ராட்சத ஆணி அடிக்கும் துப்பாக்கி போன்ற ஒன்றால். பயந்தவன் ஏன் சம்மதித்தான்? யாரும் அவன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. எதிரே ஒருத்தி ஆசையாகக் கேட்டாள், அவ்வளவுதான். என் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே போனபின் சைனீஸ் ரெஸ்டாரண்ட் காட்சி. படத்தின் உயிர் அதுதான் என்பேன். ‘ஸ்பெஷல்’ கேளுங்கள் என்று முன்பே ஒருவன் சொல்லி அனுப்பியிருக்கிறான், கேட்கிறார்கள். தட்டில் வருவது இரட்டைத் தலையும் கோணல் கால்களுமாக ஏதோ நீர்ப்பிராணிகள், முழுசாக வேகவைத்து, மேலே பளபளவென்று சாறு. பைக்கலுக்குக் குமட்டுகிறது. ஆனால், கை பாட்டுக்கு எடுக்கிறது, வாய் பாட்டுக்குக் கடிக்கிறது. சதையை உறிஞ்சிவிட்டு எலும்பை ஒதுக்குகிறான். ஒதுக்கிய எலும்புகளை விரல்கள் ஒவ்வொன்றாகப் பொருத்துகின்றன. கைப்பிடி, குழல், விசை. வாயிலிருந்து கட்டுப்பல்லைக் கழற்றித் தோட்டாவாகச் செருகுகிறான். தேவாலயத்தில் அலெக்ராவைச் சுட்ட அதே எலும்புத் துப்பாக்கி! இப்போது யாரையாவது சுட வேண்டும் என்று உள்ளுக்குள் அரிப்பு. வேண்டாம் என்று அவன் சொல்கிறான். அதை எதிர்க்காதே, அது உன் பாத்திரத்தின் உந்துதல், எப்படியும் நடந்தே தீரும் என்கிறாள் அலெக்ரா. அன்பாகப் பரிமாறிய சர்வர் பக்கத்தில் வந்து நிற்கிறான். முகத்திலேயே சுடுகிறான் பைக்கல்.

இதில் அவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது கேம் என்று அந்த நேரத்தில் அவனுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் முன்னால்தான் ‘பாஸ்’ என்று கத்தி, ஆட்டத்தை நிறுத்தி, வெளியே படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். வெளி உலகமே கேம் மாதிரி தெரிகிறது என்று அங்கே அவன் புலம்புகிற இடத்தைத்தான் விமர்சகர்கள் சிலாகிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த நிமிடம். வெளியே வந்தவன், மறுபடியும் உள்ளே போகிறான். போய்த்தான் சுடுகிறான். நிஜம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கட்டுப்பல் பாய்கிறது.

நிஜமான வி.ஆர். ஆய்வுக்கூடங்களிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. ஹெட்செட் மாட்டியவரின் கண்முன்னே தரை விலகி, கீழே ஆழமான குழி தெரியும். விளிம்புக்கு வரச் சொல்வார்கள். அறையில் குழியும் இல்லை, கிணறும் இல்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தும் இதயத் துடிப்பு எகிறும். மூளைக்குத் தெரிந்த செய்தியை உடம்பு காதில் போட்டுக்கொள்வதில்லை.

இவ்வளவுக்கும் ஹெட்செட்கூடத் தேவையில்லை. சர்வதேச நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது ‘கேமிங் டிஸார்டர்’ அதில் இடம்பெற்றது. அதற்குரிய அறிகுறிகளைப் படித்துப் பாருங்கள். ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முதலிடம் பிடிப்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தபிறகும் தொடர்வது. நிஜத்தையும் கேமையும் போட்டுக் குழப்பிக்கொள்வது என்று ஒரு வரி அங்கே இல்லை. படுக்கைக்குள் போனில் கேம் ஆடும் எந்தப் பிள்ளையும் அதை நிஜம் என்று நம்பி ஆடவில்லை. விடிந்தால் பரீட்சை என்பதும் அவனுக்குத் தெரியும். ‘இதுதான் கடைசி’ என்று அவன் சொல்வதும் பொய்யில்லை, சொல்லும் நொடியில் அதை நம்பித்தான் சொல்கிறான். ஆடுகிற எல்லோரும் இப்படி ஆகிவிடுவதில்லை, பெரும்பாலோர் பத்திரமாகவே வெளியே வருகிறார்கள் என்று கேம் உலகத்தார் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், டெய்லி ரிவார்டு, இரவில் விழித்துக்கொள்ளும் நோட்டிஃபிகேஷன், ஒருநாள் விட்டால் அறுந்துபோகும் ‘ஸ்ட்ரீக்’ இதெல்லாம் அந்தப் பெரும்பாலோருக்கும் சேர்த்துத்தானே வைக்கப்பட்டிருக்கிறது? பைக்கலின் விரல்களுக்கு எலும்பைப் பொருத்தச் சொல்லிக் கொடுத்ததும் இப்படி ஒரு டிசைன்தான்.

இந்தப் படத்தை இப்படிப் பார்ப்பது சரியில்லை என்பவர்கள் உண்டு. தன்னைக் கொல்லச் சொன்ன ஃபத்வாவுக்குப்பின் தலைமறைவாக வாழ்ந்த ஒரு நாவலாசிரியரை 1995-ல் பேட்டி எடுத்தபோதுதான் இதன் இயக்குநருக்குக் கதையின் பொறி தட்டியது. ஆகவே இது படைப்பாளியைக் கொல்லத் துரத்தும் வெறியைப் பற்றிய படம் என்பார்கள். இருக்கட்டும். அலெக்ராவைத் துரத்துகிற ஆட்களுக்கு அந்த விளக்கம் பொருந்துகிறது. அந்த சர்வர் எந்தப் புத்தகமும் எழுதவில்லை. யாரும் அவன் தலைக்கு விலை வைக்கவுமில்லை. ஆர்டர் எடுத்தான், தட்டைக் கொண்டுவந்து வைத்தான். அவனை ஏன் சுட்டாய் என்று கேட்டால் பைக்கலால் ஒரு காரணம்கூடச் சொல்ல முடியாது.