மெல்லிய தண்டு, மரக் கோப்பை: கடைசல் வேலை கற்போருக்கு



பள்ளி விளையாட்டு விழாவில் பரிசுக் கோப்பை தருவார்களே, கீழே வட்ட அடி, நடுவில் ஒல்லியான தண்டு, மேலே கிண்ணம். அதே வடிவத்தில் மரத்திலும் செய்கிறார்கள். கடைசல் மெஷினில் கட்டையைச் சுழலவிட்டு, உளி பிடித்துக் கடைவார்கள். தண்டு பென்சில் கனம்தான் இருக்கும். "இது உடைஞ்சு போகாதா?" என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். எதை முதலில் கடைவது, எதைக் கடைசியில் கடைவது என்று தெரிந்தால் உடையாது.

எங்கே செய்கிறார்கள்?

மரக் கடைசலுக்குப் பேர்போன ஊர் கர்நாடகத்தின் சென்னப்பட்டணம். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கி.மீ. தூரம். ஆந்திராவின் ஏட்டிகொப்பாகா பொம்மைகளுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாநிலத்தில் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் இதே கடைசல் வேலைதான்.

சென்னப்பட்டணத்திலும் ஏட்டிகொப்பாகாவிலும் பெரும்பாலும் வெட்பாலை மரத்தில் கடைகிறார்கள். தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச நாம் இலை பறிக்கிறோமே, அதே மரம். நம்ம பக்கத்துக் கரடுகளிலும் வளரும். ஆனால் காட்டு மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது.

வேலை வரிசை

1. கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கணு, வெடிப்பு கூடாது. மரத்தின் ரேகை தண்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். ரேகை குறுக்கே போனால் தண்டு பட்டென்று ஒடியும்.

2. கட்டையின் ஒரு முனையை மெஷினில் இறுக்கிப் பிடித்து, உருண்டையாக்க வேண்டும். மறுமுனையில் முதலில் கிண்ணத்தின் உட்குழி, அடுத்து வெளிப்பக்கம். அப்போது மீதிக் கட்டை தடியாக இருப்பதால் ஆடாமல் தாங்கும்.

3. கிண்ணத்தைத் தேய்த்து மெருகேற்றி முடித்த பிறகே தண்டைத் தொட வேண்டும். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒவ்வோர் அங்குலமாகக் கடைந்து, தேய்த்து, முடித்துக்கொண்டே கீழே வர வேண்டும். முடித்த இடத்துக்குத் திரும்பவும் உளியைக் கொண்டு போகாதீர்கள். மெலிந்த தண்டு அதிரும். உளி மாட்டினால் உடைந்துவிடும்.

4. அடிப்பாகத்தைக் கடைசியில் கடைந்து, வெட்டி எடுக்கலாம்.

உளி கூர்மையாக இருந்தால் அழுத்த வேண்டியதில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் தண்டைச் சுண்டுவிரல் கனத்துக்கு விடுங்கள். கை பழகியதும் மெலிதாக்கலாம்.

வண்ணத்துக்கு, சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டில் உருகிப் பிடிக்கும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு வரும். அரக்கு சூட்டில் இளகும். ஆகவே இது அலங்காரத்துக்கு. காபி, டீ ஊற்ற வேண்டாம் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உயிர் முக்கியம்

முந்தானை, துப்பட்டா, பின்னல், தாலிக்கொடி எதுவும் தொங்கக் கூடாது. கொண்டை போட்டு, மேலே கைகுட்டையான சட்டை அணியுங்கள். வளையலைக் கழற்றிவிடுங்கள். கையுறை வேண்டாம், மெஷின் கையோடு இழுத்துவிடும். மெருகேற்றும் துணியை விரலில் சுற்றாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, தூசிக்கு முகக்கவசம் அவசியம். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

விலை போடும்போது

உடைந்ததையும் கணக்கில் சேருங்கள். ஒரு கட்டை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கட்டைக்கு 200 ரூபாய். மூன்று உடைந்தால் மீதி ஏழு கோப்பைதான் அந்த 200-ஐ ஈட்ட வேண்டும். அப்போது ஒரு கோப்பைக்கு மரச் செலவே சுமார் 29 ரூபாய். அதற்கு மேல் கூலி, கரண்ட், அரக்கு. 20 ரூபாய்க் கணக்கிலேயே விலை சொன்னால் நஷ்டம் நம் கூலியில்தான் விழும்.

எனவே கடன் வாங்கி மெஷின் வாங்கும் முன், இரண்டு மூன்று உறுப்பினர்கள் பட்டறையில் பழகிப் பார்க்கட்டும். பத்துக்கு எத்தனை முழுசாக வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசி, பிறகு முடிவெடுப்போம்.