குட்டியைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கும் குரங்கு!

குரங்கின் கையில் ஒரு வாழைப்பழம் கிடைத்தால் என்ன செய்யும்? மற்றக் குரங்குகள் வருவதற்குள் வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். குட்டி ஆசையோடு கை நீட்டினால், தட்டிவிடும் தாய்க்குரங்கும் உண்டு. நாம் பார்த்துப் பழகிய குரங்கு அப்படி!

ஆனால், தின்பதற்கு ஏதாவது கிடைத்ததும் குட்டியைக் கூப்பிட்டுக் கொடுக்கும் குரங்கும் உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர், தங்கச் சிங்கக் குரங்கு.

சின்னஞ்சிறு சிங்கம்

இந்தக் குரங்கின் சொந்த ஊர், தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாடு. அங்கே ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில், கடலோரப் பகுதிக் காடுகளில் இது வாழ்கிறது.

உடம்பெல்லாம் பொன் நிறம். முகத்தைச் சுற்றிச் சிங்கத்துக்கு இருப்பது போலப் பிடரி மயிர். பெயர்தான் சிங்கம், எடையோ அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்!

அப்பா முதுகில் சவாரி

இந்தக் குரங்கு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். முதல் சில வாரங்கள் குட்டிகளை அம்மா சுமக்கும். பிறகு அப்பாவின் முறை. இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மரம் மரமாகத் தாவும். பால் குடிக்கும் நேரத்தில் மட்டும் குட்டிகள் அம்மாவிடம் போகும். அண்ணனும் அக்காளும் கூடச் சுமப்பது உண்டு.

அந்தக் குடும்பம் வெளியாரிடம் அப்படி இருக்காது. பக்கத்துக் கூட்டம் எல்லை தாண்டி வந்தால், கத்தி விரட்டிவிடும்!

கையில் ஒன்றும் இல்லையே!

பழம், பூச்சி, சிறு தவளை, பல்லி. இவைதான் இதன் உணவு. பூச்சியும் தவளையும் மரப்பட்டையின் இடுக்கிலும், இலைகளின் நடுவிலும் ஒளிந்திருக்கும். மெல்லிய நீண்ட விரல்களை உள்ளே விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். சின்னக் குட்டிக்கு அது வராது.

ஆகவே, பெரிய குரங்கு ஒரு பூச்சியைப் பிடித்ததும் தனிக் குரல் ஒன்று கொடுக்கும். "வா, வந்து வாங்கிக்கொள்" என்று பொருள். குட்டி ஓடிவந்து வாங்கித் தின்னும். நம் வீட்டுத் தாய் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவது போலத்தான்!

குட்டி வளர்ந்த பிறகு ஒரு வேடிக்கை நடக்கிறது. பெரிய குரங்கு அதே குரலில் கூப்பிடுகிறது. குட்டி ஓடி வருகிறது. ஆனால் கையில் ஒன்றும் இல்லை! இரை இன்னும் மர இடுக்கிலேயே இருக்கிறது. குட்டி தானே கையை விட்டுத் தேடிப் பிடித்துக்கொள்கிறது.

லிசா ராப்பபோர்ட், கார்லோஸ் ரூயிஸ் மிராண்டா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் காட்டில் இதைக் கண்டு, 2002-ம் ஆண்டில் எழுதினார்கள். முதலில் ஊட்டுவது, பிறகு இடத்தைக் காட்டுவது. இதுதான் இந்தக் குரங்கின் பள்ளிக்கூடம்!

தட்டில் தின்ற குரங்குகள்

இந்தப் படிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

காடுகளை வெட்டியதால், 1970-ம் ஆண்டை ஒட்டி இந்தக் குரங்குகள் காட்டில் சுமார் 200 மட்டுமே மிஞ்சின. 1974-ல் இவற்றுக்காக ஒரு காப்புக்காடு அமைக்கப்பட்டது. 1984 முதல், மிருகக்காட்சி சாலைகளில் பிறந்த குரங்குகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள்.

பாவம், அவை திண்டாடிப் போய்விட்டன! தட்டில் வைத்த உணவைத் தின்று வளர்ந்தவை அல்லவா? எங்கே தேடுவது என்று தெரியவில்லை. ஆடும் கிளையில் நடக்கத் தெரியவில்லை. வழி தவறின. பெரும்பாலானவை இறந்தன.

ஆராய்ச்சியாளர்கள் மனம் தளரவில்லை. பின்னாலேயே போய் உணவு கொடுத்தார்கள். வழி தவறியவற்றைத் தேடிக் கொண்டுவந்தார்கள். தப்பிப் பிழைத்தவை காட்டிலேயே குட்டி போட்டன. அந்தக் குட்டிகள் சிறு வயது முதலே காட்டில் தேடித் தின்று பழகின. பெற்றோரைவிட நன்றாகப் பிழைத்துக்கொண்டன!

மறுபடியும் ஆபத்து

2014-ல் குரங்குகளின் எண்ணிக்கை சுமார் 3,700 ஆக உயர்ந்தது. அதன் பிறகு மஞ்சள் காய்ச்சல் பரவியது. 2019-ல் எண்ணிக்கை சுமார் 2,500 ஆகக் குறைந்தது.

குரங்குகளைப் பிடித்துத் தடுப்பு ஊசி போட்டு, மறுபடி காட்டில் விட்டார்கள். காட்டைப் பிளந்து ஓடும் நெடுஞ்சாலைக்கு மேலே பாலம் கட்டி, அதில் செடியும் மரமும் நட்டார்கள். குரங்குகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதற்கு வழி!

2023-ல் கணக்கு எடுத்தபோது சுமார் 4,800 குரங்குகள் இருந்தன.

குட்டிக்குச் சோறு கொடுக்கவும், தேடக் கற்றுத்தரவும் அந்தக் குடும்பத்தில் ஆள் இருக்கிறது. அவை வாழக் காடு வேண்டும். அதை விட்டுவைப்பது மனிதர்களின் கையில் இருக்கிறது.