டி.சி.யில் எழுதாத விஷயங்கள்

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை டி.சி. வாங்குகிறது. பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் அந்தத் தாளில் உண்டு. வகுத்தல் கணக்கில் எங்கே தடுமாறும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் போர்டு தெரியாது, அதட்டினால் அன்று முழுக்க வாய் திறக்காது என்பதெல்லாம் அதில் இல்லை. இத்தனையும் தெரிந்த டீச்சர் பழைய பள்ளியிலேயே இருந்துவிடுகிறார்.

நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டே ஆசிரியர்கள். தமிழும் கணக்கும் ஒரே குரலில்தான் பிள்ளைக்குப் பழக்கம். ஜூனில் 'பெரிய பள்ளிக்கூடம்' போனால் பாடத்துக்கு ஒருவர். மணி அடித்தால் ஆள் மாறுவார். நேற்றுவரை சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்துச் சத்துணவுக்கு அழைத்துப்போன சிறுமி, இன்று பிளஸ் டூ அண்ணன்கள் நடுவே, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்கக் கூசி நிற்கிறாள். பலருக்கு உடல் மாறத் தொடங்கும் வயதும் இதுதான்.

வயிற்றுக்கும் இது சோதனைக் காலம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றே வந்தது. ஆறாம் வகுப்பில் நடையும் கூடுகிறது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரையிலான பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. விலையில்லா சைக்கிள் கிடைப்பதோ பதினோராம் வகுப்பில். காலை உணவை எட்டாம் வகுப்பு வரையாவது நீட்டிப்பதே நியாயம்.

ஐந்தாம் வகுப்புக்கு அறிவித்த பொதுத்தேர்வை 2020 பிப்ரவரியில் அரசு கைவிட்டது சரியான முடிவு. பத்து வயதுப் பிள்ளைக்கு மதிப்பெண் எதற்கு? எங்கே சிக்கி நிற்கிறது என்று அடுத்த ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும்.

பள்ளி மாறும் பிள்ளைக்குக் கைகொடுக்கப் பெரிய செலவில்லை. ஏப்ரலில் ஒருநாள் ஐந்தாம் வகுப்பை அப்படியே பெரிய பள்ளிக்கு அழைத்துப் போகலாம். ஆறாம் வகுப்பில் உட்காரட்டும், அங்கேயே மதியம் சாப்பிடட்டும், கழிவறையும் குடிநீர்க் குழாயும் எங்கே என்று பார்த்து வரட்டும். ஜூனில் முதல் இரண்டு வாரம் பாடத்தை ஓட்டாமல், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர்களே, இந்த ஆண்டு டி.சி.யோடு பிள்ளைக்கு ஒரு பக்கம் கைப்பட எழுதிக் கொடுங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர்களே, அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.